பூனை கொண்டுவரும் கணக்கு

விடியற்காலம் நாலரை மணி இருக்கும். தார்சாவில் படுத்திருந்த அத்தை சத்தம் போட்டார்கள்.

"ஏட்டி, எந்திரிச்சு வா. ஓம் பூனை வாயில என்னத்தையோ கவ்விக்கிட்டு அரங்கு வீட்டுக்குள்ள போகுது."

டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அரங்கு வீடு என்றால் எங்கள் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் தானியமும் விதையும் வைக்கிற உள்ளறை. அங்கே சாம்பி (சாம்பல் நிறம் என்பதால் அந்தப் பெயர்) தன் மூன்று குட்டிகளுக்கு முன்னால் ஒரு எலியை இறக்கி வைத்தது. செத்த எலி இல்லை, முழு உயிரோடு இருந்த எலி. குட்டிகள் விழித்துக்கொண்டு நின்றன. எலி ஒரு நொடி படுத்துக் கிடந்தது. பிறகு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து விதை மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

இது நடந்தது 2024 ஆனி மாதம். அந்த எலியை அன்றைக்கே தேடிப் பிடித்திருக்க வேண்டும். "பூனைதான் வீட்டில் இருக்கே, அது பார்த்துக்கிடும்" என்று விட்டுவிட்டேன். ஆவணி கடைசியில், புரட்டாசி விதைப்புக்கு நாலு வீட்டுக்குத் தருவதாகச் சொல்லியிருந்த குதிரைவாலி மூட்டையை நகர்த்தினேன். அடியில் ஓட்டை. மூட்டையில் பாதிக்கு மேல் உமியும் புழுக்கையும்தான். கருங்கண்ணிப் பருத்தி விதை வைத்திருந்த சாக்குக்குள் பஞ்சைக் கடித்துக் கூடு கட்டி, அதில் கண் திறக்காத குஞ்சுகள் கிடந்தன.

எலியைப் பிடிக்க வளர்த்த பூனையே எலியைக் கொண்டுவந்து விதைக்குள் விட்டுவிட்டது. கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் போய் வாங்குகிற விதையா அது? வருடா வருடம் கதிர் பார்த்துப் பொறுக்கி வைத்தது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் பூனையை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். பூனை எதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருகிறது, ஏன் கொண்டுவருகிறது, அதில் நமக்கு லாபம் எவ்வளவு, நட்டம் எவ்வளவு? இயற்கை விவசாயம் செய்கிற வீடுகளில் பெரும்பாலும் ஒரு பூனை இருக்கிறது. ஆகவே என் அனுபவம் உங்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

வெள்ளத்தோடு வந்த எலி

எங்கள் ஊர் குளத்தூருக்கும் வைப்பாறுக்கும் நடுவில். கிழக்கே போனால் உப்பளம், அதற்கப்புறம் கடல். அந்தக் காலத்தில் முத்துக் குளிக்கப் போன கரை இது. மேற்கே முழுக்க மானாவாரிக் கரிசல். நாலு ஏக்கரில் கம்பு, குதிரைவாலி, உளுந்து, பாசி, முண்டு மிளகாய், ஓரத்தில் கொஞ்சம் கருங்கண்ணிப் பருத்தி. பத்து கொடி ஆடு. இவ்வளவுதான் எங்கள் பாடு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் எங்களுக்குக் குறைவுதான். ஆனாலும் வரப்புப் பொந்தெல்லாம் தண்ணீர் ஏறிவிட்டது. பொந்தில் இருந்த எலி எங்கே போகும்? மேடான இடத்துக்கு, அதாவது வீட்டுக்கு வந்தது. அடுக்களையில் எலி, ஆட்டுக் கொட்டகையில் எலி, ஓட்டு இடுக்கில் எலி.

என் அண்ணன் தூத்துக்குடியில் தோணியில் வேலை பார்த்தவர். மாலத்தீவு, லட்சத்தீவு என்று சரக்கு ஏற்றிப் போனவர். அவர்தான் சொன்னார்: "தோணியில அரிசி மூட்டையும் வெங்காயமும் ஏத்திட்டு எலியை விட்டா, கரை சேருறப்ப சாக்குதான் மிஞ்சும். அதான் கப்பல்காரன் காலங்காலமா பூனை வளர்த்தான். நீயும் ஒண்ணு வளரு தங்கச்சி." 2024 தை மாதம் வைப்பாறு கடற்கரையில், மீன் ஏலம் போடுகிற இடத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு இளம் பூனையைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்தார்.

பூனையும் உழவனும் சேர்ந்த கதையும் இதுதான். மேற்காசியாவில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதன் தானியத்தைச் சேர்த்துவைக்க ஆரம்பித்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது, எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. நாம் பிடித்து வந்து பழக்கிய மாடு மாதிரி இல்லை அது, தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதப் புதைகுழிக்குப் பக்கத்திலேயே பூனையையும் புதைத்திருப்பதைக் கண்டெடுத்திருக்கிறார்கள். நம் ஊரிலும் இந்த உறவு பழசு. மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தில், தவம் செய்கிற பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் பல்லவச் சிற்பி செதுக்கி வைத்திருக்கிறார். பூனையின் குணம் தெரிந்தவர்தான் அதைச் செதுக்கியிருக்க முடியும்.

வாசலில் என்னென்ன கிடந்தது

சாம்பி வந்த முதல் மாதம் நல்ல பெயர் எடுத்தது. காலையில் வாசல் தெளிக்கப் போனால் ஒரு சுண்டெலி கிடக்கும். சில நாள் வெள்ளெலி. அத்தைக்குச் சந்தோஷம். பங்குனியில் வெயில் ஏறியதும் சாமான் மாறியது. ஓணான், அரணை, பல்லி, தவளை. ஒரு நாள் அணில். ஒரு நாள் முருங்கை மரத்தில் கூடு கட்டியிருந்த தையல் சிட்டு. ஒரு நாள் இரவு பட்டாசலுக்குள் ஒரு குட்டிப் பாம்பைக் கொண்டுவந்து உயிரோடு விட்டுவிட்டது. என்ன பாம்பு என்று பார்க்கிற நிலையிலா இருந்தோம்? சுருட்டை விரியன் இருக்கிற ஊர் எங்களுடையது. அன்றைக்கு வீட்டில் யாரும் தூங்கவில்லை.

இந்தப் பட்டியலை உழவர் கண்ணோடு பார்க்க வேண்டும். சுண்டெலி, வெள்ளெலி செத்தால் நமக்கு லாபம். ஓணானும் தவளையும் தையல் சிட்டும் செத்தால்? பூச்சிக்கொல்லி அடிக்காத நிலத்தில் பூச்சியைத் தின்கிற வேலைக்காரர்கள் இவர்கள்தானே. மிளகாய்ப் பாத்தியில் புழு பொறுக்குவது தவிட்டுக்குருவியும் தையல் சிட்டும். இரவுப் பூச்சியைப் பார்த்துக்கொள்வது தவளையும் தேரையும். எங்கள் பக்கத்து வெட்டவெளியில் விசிறி மாதிரித் தொண்டையை விரிக்கிற சின்ன ஓணான் ஒன்று உண்டு. தென் தமிழ்நாட்டில் கிடைத்த அந்த இனத்தில் ஒன்றுக்கு 2016இல் ஆய்வாளர்கள் 'மருதம்நெய்தல்' என்றே பெயர் வைத்தார்கள். வயலும் கடற்கரையும் சேர்ந்த நிலத்தில் வாழ்வதால் அந்தப் பெயர். அப்படிப்பட்ட ஒன்றைப் பூனை வாயில் பார்த்தால் மனசு என்னவோ செய்கிறது.

மூஞ்சூறு தனிக் கதை. பூனை அதைக் கொல்லும், ஆனால் அதன் நாற்றத்துக்குத் தின்னாது. அப்படியே வாசலில் போட்டுவிடும். நாமும் எலி என்று நினைத்து மகிழ்வோம். மூஞ்சூறு எலி இனமே இல்லை. கரப்பானும் பூச்சியும் தின்கிற பிராணி அது, நமக்கு வேண்டப்பட்டது. மூக்கு நீண்டு கூர்மையாக, கண் கடுகு மாதிரிச் சின்னதாக இருந்தால் மூஞ்சூறு.

ஏன் வீட்டுக்குத் தூக்கி வருகிறது?

"சோறு போடுற நன்றிக்குப் பூனை பரிசு கொண்டாருது" என்பார்கள். குட்டிகளோடு சாம்பியைப் பார்த்த பிறகு எனக்கு வேறு மாதிரிப் புரிந்தது.

குட்டிகளுக்கு ஒரு மாதம் தாண்டியதும் முதலில் செத்த எலியைக் கொண்டுவந்து போட்டது. சில நாள் கழித்து அரை உயிரோடு ஒன்று. அப்புறம் முழு உயிரோடு. குட்டிகளுக்குப் பாடம் நடத்தியது. எல்லாத் தாய்ப் பூனைக்கும் உள்ள குணம்தான் இது. குட்டி இல்லாத பூனையும், ஆண் பூனையும்கூடக் கொண்டுவரும். பிடித்ததை வேறு பிராணி பிடுங்காத இடத்துக்கு எடுத்துப் போவது வேட்டைப் பிராணியின் வழக்கம். அதற்குப் பாதுகாப்பான இடம் நம் வீடு, அவ்வளவுதான்.

இன்னொன்று. வயிறு நிறைந்த பூனை வேட்டையாடாது என்று நினைக்கிறோம். பூனைக்குப் பசி வேறு, வேட்டை ஆசை வேறு. எதிரே ஒன்று அசைந்தால் வயிறு நிறைந்திருந்தாலும் பாயும். தின்னாமல் விளையாடிப் போட்டுவிடும்.

அப்படியானால் நாம் வாசலில் பார்ப்பதுதான் மொத்தக் கணக்கா? இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 55 வீட்டுப் பூனைகளின் கழுத்தில் சின்னக் கேமரா கட்டிவிட்டுப் பார்த்தார்கள். 2013இல் வெளிவந்த முடிவு இது. நூற்றுக்கு 44 பூனைகள் வேட்டையாடின. பிடித்தவற்றில் நூற்றுக்கு 23 மட்டுமே வீட்டுக்கு வந்தன. 28ஐ அங்கேயே தின்றன. 49ஐப் பிடித்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தன. நம் ஊரும் அந்த ஊரும் ஒன்றில்லை. ஆனாலும் வாசலில் ஒன்று கிடந்தால் வெளியில் மூன்று போயிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வது நல்லது.

அதே 2013இல் வந்த இன்னொரு கணக்கு, அமெரிக்காவில் வெளியில் திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்வதாகச் சொன்னது. அதில் பெரும்பங்கு யாரும் வளர்க்காத, தெருவில் விடப்பட்ட பூனைகளுடையது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

எலியை ஒழிக்குமா பூனை?

வெள்ளெலி, சுண்டெலி வரைக்கும் பூனை பார்த்துக்கொள்ளும். பெருச்சாளி என்றால் ஒதுங்கிவிடும். சாம்பியும் பெருச்சாளியும் ஒரே சுவர் ஓரமாக நடந்து போனதை நானே பார்த்தேன். ஒன்றை ஒன்று கண்டுகொள்ளவில்லை.

நியூயார்க் நகரத்தில் ஒரு குப்பை மறுசுழற்சிக் கூடத்தில் பெரிய எலிகள் நிறைய. பூனைகள் அங்கே புகுந்துவிட்டன. 79 நாட்கள் கேமராவில் பதிவு செய்ததில் 306 காட்சிகள் கிடைத்தன. அதில் பூனை எலியைக் கொன்றது இரண்டே இரண்டு தடவை. 2018இல் வந்த ஆய்வு இது. பூனை இருக்கிறபோது எலிகள் வெளியே வராமல் ஒளிந்துகொண்டன. எலி கண்ணில் படவில்லை என்றால் எலி குறைந்துவிட்டது என்று நாம் முடிவு கட்டுகிறோம். என் அரங்கு வீட்டில் நடந்ததும் அதுதான். மூட்டைக்கு மேலே பூனை படுத்திருந்தது, மூட்டைக்கு அடியில் எலி குட்டி போட்டது. எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம்தான் என்பதை மறக்கக்கூடாது.

வயல் எலிக்குப் பூனையைவிடக் கூகை நல்ல காவல். இரவு முழுக்க எலிதான் அதற்கு முக்கிய உணவு. வயலில் ஆங்காங்கே ஆள் உயரத்துக்கு மேல் பறவைத் தாங்கி நட்டால் கூகையும் ஆந்தையும் வந்து உட்காரும். பட்டுப்போன பனையை வெட்டாமல் விட்டால் பொந்தில் குடியிருக்கும். எங்கள் வயலில் அப்படி இரண்டு மொட்டைப் பனை நிற்கிறது. "விறகுக்கு ஆகும், வெட்டிருவோம்" என்று வீட்டுக்காரர் ஒவ்வொரு வருடமும் கேட்பார். நான் விடுவதில்லை.

லட்சத்தீவில் தென்னை உச்சியில் எலி இளங்காயைக் கடித்துத் தள்ளுவது தீராத தொல்லை என்று அண்ணன் சொல்வார். அந்தத் தீவுகள் முழுவதும் 2020இல் இயற்கை வேளாண்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. நஞ்சு வைக்க வழியில்லாத இடத்தில் பொறி, மட்டை சுத்தம், இரைகொல்லிப் பிராணிகள் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சமாளிக்க வேண்டும். நமக்கும் அதேதான். பூனை ஒரு பங்குதான்.

நஞ்சு தின்ற எலி

அந்த வருடம் ஐப்பசியில் சாம்பி செத்துப்போனது.

பக்கத்து மக்காச்சோளக் காட்டில் எலிக்கு மருந்துக் கட்டி வைத்திருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்கும் வெள்ளாமைதான். இந்த வகை மருந்து தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறையாமல் உள்ளுக்குள்ளேயே கசிந்து, சில நாள் தள்ளாடித் திரிந்து சாகும். தள்ளாடுகிற எலியைப் பிடிக்கப் பூனைக்குக் கஷ்டமே இல்லை. சாம்பி இரண்டு நாளில் மூன்று எலி கொண்டுவந்தது. "பரவாயில்லையே, நல்லா வேட்டையாடுதே" என்று நான் பாராட்டினேன். நாலாம் நாள் தின்னவில்லை. ஈறு வெளுத்துவிட்டது, மூக்கில் ரத்தம். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் வைட்டமின் கே ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம் என்றார்.

எலி, பூனை, கூகை, கீரி, சாரைப்பாம்பு என்று ஒரே சங்கிலியில்தான் எல்லாம் இருக்கிறது. எலிக்கு வைத்த நஞ்சு எலியோடு நிற்பதில்லை. நம் நிலத்தில் நாம் வைக்காவிட்டாலும், பூனை வாய்வழியாக அடுத்த நிலத்து நஞ்சு நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. சுறுசுறுப்பில்லாத, பகலில் தள்ளாடுகிற எலியைப் பூனை கொண்டுவந்தால் சந்தோஷப்படாதீர்கள். பிடுங்கிப் புதையுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரிடம் பேசுங்கள். நான் பேசினேன். "இனி மருந்து வச்சா முன்னாடியே சொல்லிருதேன்க்கா, பூனையைக் கட்டிப் போட்டுக்கிடுங்க" என்றார். இப்போதைக்கு அது போதும்.

குட்டிகளில் இரண்டைச் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொடுத்திருந்தேன். மீதி ஒன்று வீட்டில் இருந்தது. வெள்ளை நிறம், பெயர் முத்து.

மகள் வந்தாள்

2025 பங்குனியில் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். வந்த இரண்டாம் நாளே முத்து அவள் கட்டிலடியில் ஒரு செத்த ஓணானைக் கொண்டுவந்து வைத்தது. மகள் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது.

கிராம சுகாதார செவிலியர் வந்தபோது, "பூனை இருக்கிற வீடா? பூனைக் கழிவுல இருந்து கர்ப்பிணிக்கு ஒரு தொற்று வரும், கவனமா இருங்க" என்றார். அவர் போனதும் அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "நாளைக்கே பூனையைச் சாக்குல கட்டிக் கடற்கரையில விட்டுட்டு வந்திருங்க. நமக்குப் புள்ளை பெருசா, பூனை பெருசா?"

எனக்கு அன்றிரவு தூக்கம் இல்லை. பிள்ளைதான் பெரிது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பூனையைத் துரத்தினால் எலி வரும். பச்சைப் பிள்ளை படுக்கிற வீட்டில் எலி நடமாட்டம் எந்த வகையில் நல்லது? எலி மூத்திரத்தால் வருகிற எலிக்காய்ச்சலும் தொற்றுதானே. கடற்கரையில் விட்டால் அது தெருப்பூனை ஆகும். உப்பளக் கரையில் ஆள்காட்டி வெறும் தரையில் முட்டையிடுகிறது. அங்கே இன்னொரு பசித்த பூனையை விடுவதா? மேலே சொன்ன கணக்கில் பெரும்பங்கு அப்படி விடப்பட்ட பூனைகளுடையதுதான்.

மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு மருத்துவரிடமே போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். அந்தக் கிருமியின் பெயர் டாக்சோபிளாஸ்மா. கிருமி உள்ள எலியையோ குருவியையோ தின்பதால் பூனைக்கு வருகிறது. முதல் முறை தொற்றும்போது, ஒன்று முதல் மூன்று வாரம் வரை பூனையின் மலத்தில் கிருமி வெளியேறும். வெளியேறிய உடனே ஒட்டாது, ஒன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் தொற்றும் நிலைக்கு வரும். அதற்குள் அப்புறப்படுத்திவிட்டால் ஆபத்து குறைவு. பூனையைத் தொடுவதைவிட, மண்ணில் வேலை செய்த கையைக் கழுவாமல் சாப்பிடுவதும், கழுவாத கீரையும், சரியாக வேகாத கறியும்தான் பெரும்பாலும் காரணம். கர்ப்ப காலத்தில் முதல் முறையாக வந்தால் குழந்தையைப் பாதிக்கலாம், அதனால் அலட்சியமும் கூடாது. ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இதில் ஆடு வளர்ப்பவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. இதே கிருமி செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் கருச்சிதைவை உண்டாக்கும். தீவனம் வைத்திருக்கிற இடத்தில் பூனை கழித்தால் சினை ஆட்டுக்கு ஆபத்து. தீவனத்தை மூடி வையுங்கள்.

வீட்டில் மாற்றிய பழக்கங்கள்

பூனையை அனுப்பவில்லை. பழக்கத்தை மாற்றினோம்.

முதலில் விதை. மூட்டையில் விதை வைப்பதை நிறுத்திவிட்டேன். பழைய மண் குலுக்கையைச் சரிசெய்து, வாயைக் களிமண்ணும் சாணமும் பூசி அடைத்தேன். மிச்சத்துக்கு மூடியுள்ள தகர டிரம். எல்லாம் சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் பலகை மேல். அடியில் துடைப்பம் போய் வரவேண்டும். எலிக்கு இரை இல்லாமல் செய்வதுதான் முதல் வேலை, பூனை அதற்கு அடுத்ததுதான்.

இரண்டாவது, நேரம். பொழுது சாயும்போதும் விடியும்போதும்தான் பூனைக்கு வேட்டை வெறி அதிகம். குருவிகள் தரையில் மேய்கிற நேரமும் அதுதான். அதனால் ஆறு மணிக்கு முத்துவைத் தீவனக் கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறோம். எலி வருகிற இடமும் அதுதான், நேரமும் அதுதான். அதன் கழிவுக்கு ஒரு மூலையில் மணல் தொட்டி வைத்து, தீவனத்தை மூடிவிட்டோம். வெயில் ஏறிய பிறகுதான் வெளியே விடுவோம். பிடித்ததை வீட்டுக்குள் தூக்கி வரவும் வழியில்லை.

மூன்றாவது, சாப்பாடு. முன்பெல்லாம் மோர்ச்சோறு, மிஞ்சின சோறு. பூனை மாமிசப் பிராணி, சோறு மட்டும் அதற்குக் காணாது. இங்கிலாந்தில் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் 219 வீடுகளில் 355 பூனைகளை வைத்துச் சோதித்து 2021இல் வெளியிட்டார்கள். தானியம் சேராத, மாமிசப் புரதம் நிறைந்த உணவு கொடுத்தபோது வீட்டுக்குக் கொண்டுவரும் இரை நூற்றுக்கு 36 குறைந்தது. தினம் ஐந்து பத்து நிமிடம் பூனையோடு விளையாடினாலே 25 குறைந்தது. எங்கள் பக்கம் சாளையும் காரலும் மலிவு. உப்புப் போடாமல் வேகவைத்து, முள் நீக்கி இரண்டு வேளை கொடுக்கிறேன். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். விளையாட்டுக்குப் பேரப்பிள்ளைகள் ஒரு கயிற்றில் பனை ஓலைத் துண்டைக் கட்டி இழுக்கிறார்கள்.

நாலாவது, மணி. பூனைக்கு மணி கட்டுவது யார் என்று நாம் பழமொழி சொல்கிறோம். எங்கள் வீட்டில் கட்டிவிட்டோம். பலன் பெரிதாக இல்லை. அந்த எக்ஸிட்டர் சோதனையிலும் மணியால் சொல்லிக்கொள்கிற மாற்றம் ஏதும் தெரியவில்லை. பளிச்சென்ற பல வண்ணத் துணியைக் கழுத்துப் பட்டையில் கட்டியபோது பறவைகள் மட்டும் நூற்றுக்கு 42 குறைந்தன. பறவை தூரத்திலேயே பார்த்துப் பறந்துவிடுகிறது. எலிக்கு நிறம் அவ்வளவு தெரியாது, அதனால் எலி வேட்டை கெடாது. நமக்கு வேண்டியதும் அதுதானே. பழைய சேலைக் கரையில் ஒரு பட்டை தைத்தேன். எதிலாவது மாட்டினால் கழன்றுவிடுகிற மாதிரித் தளர்வாக முடிச்சுப் போட வேண்டும், இல்லையென்றால் கழுத்து இறுகிவிடும்.

ஐந்தாவது, கருத்தடை. பூனைக்குச் சினைக்காலம் இரண்டு மாதம்தான். வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்றுப் போடும். கொடுக்க வீடு கிடைக்காத குட்டிகள்தான் தெருவுக்குப் போகின்றன. முத்துவுக்குக் கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டாயிற்று.

ஆறாவது, கழிவு. பூனை மலத்தை உரக்குழியில் போடாதீர்கள். எல்லாவற்றையும் மட்க வைக்கிற கை நம்முடையது, இதை மட்டும் விட்டுவிடுவோம். தினமும் அள்ளி, கீரைப் பாத்திக்குத் தூரத்தில் ஆழமாகப் புதைக்கிறோம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். பூனை கொண்டுவந்து போட்டதை வெறுங்கையால் எடுக்காமல், பழைய பையைக் கையில் மாட்டி எடுங்கள்.

இந்த ஆனியில்

ஆனி மாதம் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். முத்து இப்போதும் கொண்டுவரத்தான் செய்கிறது. காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தால் சில நாள் ஒரு சுண்டெலி கிடக்கும், பல நாள் ஒன்றும் இருக்காது. ஓணான் அறவே நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போன வாரம்கூட ஒன்று கிடந்தது. ஆனால் முருங்கையில் தையல் சிட்டு இந்த வருடம் குஞ்சு பொரித்துப் பறந்து போனது.

முந்தின வருடம் பாதி மூட்டையாய்ப் போன குதிரைவாலியில் மிஞ்சியதை, நாலு வீட்டுக்குப் பதில் ஒரு வீட்டுக்குத்தான் கொடுக்க முடிந்தது. அந்த ஒரு வீட்டில் விளைந்ததும் என் காட்டில் விளைந்ததுமாய் இப்போது குலுக்கையில் இருக்கிறது. வரும் புரட்டாசிக்குப் பாக்கி மூன்று வீட்டுக்கும் கொடுத்துவிடுவேன்.

அத்தைக்கு மட்டும் இன்னும் சமாதானம் இல்லை. "எலி பிடிக்கிற பூனைக்கு மீன் வாங்கிப் போடுறா, சேலையைக் கிழிச்சுச் சட்டை தைக்கிறா" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார்கள். ஆனால் சாயங்காலம் ஆறு மணி ஆனால், "ஏட்டி, பூனையை அடைச்சியா?" என்று முதலில் கேட்பதும் அவர்கள்தான்.